சின்னப் பொருளை ஆன்லைனில் விற்கும்போது கட்டணம் கையைக் கடிக்காமல் இருக்க: செட்டிநாட்டு விற்பனையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டிலிருந்தபடியே கொட்டான் (பனையோலையில் பின்னிய கூடை), பலகாரம், மசாலாப் பொடி, சின்னச் சின்ன மரச்சாமான் விற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பெரும்பாலும் பெண்கள். நானும் அவர்களில் ஒருத்தி. கொட்டானும் பலகாரமும் அனுப்புகிறேன். கூரியர் கவுண்டரிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. கணக்குகளில் வரும் விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

150 ரூபாய்ப் பொருளை ஆன்லைனில் விற்றால் கட்டுப்படியாகுமா?

ஒன்றே ஒன்றாக விற்றால் கட்டாது. கணக்கைப் பாருங்கள். ஒரு கொட்டான் 150 ரூபாய். அட்டைப்பெட்டியும் டேப்பும் 20 ரூபாய். கூரியர் 60 ரூபாய். பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுக்கும், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆக 2.36 சதவீதம், அதாவது 3 ரூபாய் 54 காசு. மொத்தம் 83 ரூபாய் 54 காசு. பாதிக்கும் மேல் வழியிலேயே போய்விட்டது. ஓலைக்கும் சாயத்துக்கும் பின்னியவர் கூலிக்கும் மிச்சத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லோரும் கோபப்படுவது அந்த 2 சதவீதத்தின் மேல். ஆனால் பணத்தைத் தின்பது பெட்டியும் கூரியரும். அவை பொருளின் விலையைப் பார்ப்பதில்லை. 150 ரூபாய்ப் பொருளுக்கும் 450 ரூபாய்ப் பொருளுக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அதனால் விலை குறைந்த பொருள் விற்கிறவர்கள் பொருளுக்கு என்ன லாபம் என்று பார்க்காமல், பார்சலுக்கு என்ன லாபம் என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

அப்படியானால் பார்சலின் மதிப்பை எப்படிக் கூட்டுவது? விலையை ஏற்றினால் ஆள் ஓடிவிடுவார்களே?

விலையை ஏற்ற வேண்டாம். சேர்த்து விற்க வேண்டும்.

கொட்டான் இதற்கென்றே செய்தது போன்ற பொருள். பெரியது, நடுத்தரம், சிறியது மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் வெளியே தெரிவது பெரியது ஒன்றுதான். ஒன்று போன அதே பெட்டியில் மூன்று போகும். மூன்றும் சேர்ந்து 450 ரூபாய் என்று வையுங்கள். பெட்டி 20, கூரியர் 60, கேட்வே 10 ரூபாய் 62 காசு. மொத்தம் 90 ரூபாய் 62 காசு. முன்பு பாதிக்கு மேல் போனது, இப்போது ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது. எடை கொஞ்சம் கூடி கூரியர் 70 ஆனாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பலகாரத்தில் வேறு மாதிரி சேர்க்கலாம். கால் கிலோ தேன்குழல் மட்டும் கேட்பவரிடம் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை மூன்றும் கால் கால் கிலோ சேர்ந்த பெட்டி இருக்கிறது என்று சொல்லுங்கள். படமும் அந்தப் பெட்டியின் படமாகவே இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் ஒன்று மட்டும் போதும் என்று நினைப்பதில்லை, சேர்ந்து கிடைக்காததால்தான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

குறைந்தபட்ச ஆர்டர் ஒன்று வைத்துக்கொள்வதும் தப்பில்லை. "400 ரூபாய்க்குக் குறைந்தால் அனுப்புவதில்லை" என்று கேட்லாக்கிலேயே போட்டுவிடுங்கள். முதலில் தயக்கமாக இருக்கும். ஆனால் உறவுக்காரருக்குக்கூட நஷ்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் தொழிலையே விட்டுவிட நேரும்.

கொட்டான் 200 கிராம்கூட இல்லை. கூரியரில் ஒரு கிலோவுக்கு மேல் போடுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை. வண்டியில் பார்சல் இடத்தையும் அடைக்கிறது அல்லவா, அதற்காக அளவை எடையாக மாற்றிக் கணக்குப் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர்களின் வழக்கமான முறை. 20 × 20 × 15 பெட்டி என்றால் 6000. வகுத்தால் 1.2 கிலோ. நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஆகவே பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறைத்து 20 × 20 × 10 ஆக்கினால் 0.8 கிலோ. ஒரு கிலோ என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. மூடி இல்லாத கொட்டானைக் கொஞ்சம் அமுக்கி வைக்கலாம், ஓலை வளைந்து கொடுக்கும், போன இடத்தில் கையால் நீவினால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மூடி போட்டது, மேலே குரோஷா (நூல் பின்னல்) வேலை செய்தது என்றால் அமுக்கக் கூடாது.

வீட்டில் அளக்கும் டேப் ஒன்றும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசும் கட்டாயம் வேண்டும். விலை சொல்வதற்கு முன் அளந்துவிடுங்கள். கவுண்டரில் போய்த் தெரிந்துகொண்டால் அதற்குள் வாடிக்கையாளரிடம் விலை சொல்லியிருப்பீர்கள்.

தபாலா, கூரியரா?

தமிழ்நாட்டுக்குள் என்றால் தனியார் கூரியர் பல நேரம் மலிவாகவும் வேகமாகவும் இருக்கும். வடமாநிலம், கிராமப்புறம், மலைப்பகுதி என்றால் தபால்தான். பின்கோடு இருக்கும் இடத்துக்கெல்லாம் போகும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது, எனவே பழைய நினைப்பில் ரிஜிஸ்தர் தபால் கேட்டால் ஸ்பீட் போஸ்ட்டைத்தான் காட்டுவார்கள். மாதம் நிறைய பார்சல் போகிறவர்கள் கூரியர் கிளையில் கேட்டால் விலை குறைத்துத் தருவார்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அனுப்புகிறார் என்றால் இரண்டு பேர் பார்சலையும் ஒரே கணக்கில் போட்டுக் கேளுங்கள்.

பணத்தை எப்படி வாங்கினால் கட்டணமே இல்லாமல் இருக்கும்?

நேரடியாக யு.பி.ஐ. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் எம்.டி.ஆர். என்ற வங்கிக் கட்டணம் வாங்குவதில்லை. கியூ.ஆர். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், 450 ரூபாய் அனுப்பினால் 450 ரூபாயும் வந்து சேரும். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்ல கடையில் வைக்கும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை உண்டு, வீட்டிலிருந்து விற்பவருக்கு அது தேவையில்லை.

கேட்வே வழியாக வந்தால் வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் கட்டினாலும் அந்த நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். அது நியாயமும்தான், ஆர்டரோடு பணத்தைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவது அவர்கள் வேலை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஆர்டர் வரும் வரைக்கும் அந்த வேலையை நீங்களே நோட்டில் செய்துகொள்ளலாம். ஆர்டர் குவிந்து யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று குழம்ப ஆரம்பிக்கும்போது கேட்வே எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கு வந்த பணமும் முறுக்குக்கு வந்த பணமும் ஒன்றாகக் கிடந்தால் வருஷக் கடைசியில் உங்களுக்கே புரியாது.

பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தது, கணக்கில் வரவில்லை. என்ன செய்வது?

பார்சலைக் கட்டாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது சுலபம். வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே பெட்டியை எடுங்கள். இன்னொன்று, பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

அமேசான், மீஷோவில் போடலாமா? கமிஷன் இல்லை என்கிறார்களே?

கமிஷன் இல்லை என்பது உண்மைதான், ஆனால் கமிஷன் மட்டுமே கட்டணம் இல்லை. மீஷோ 2021 முதலே விற்பனையாளரிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று நடத்தி வருகிறது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைவான பொருள்களுக்கு, பல பிரிவுகளில், ரெஃபரல் கட்டணத்தை, அதாவது தன் கமிஷனை, நீக்கியது. நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ள குளோசிங் கட்டணம், அனுப்புவதற்கான எடைக் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று மற்றவை அப்படியே இருந்தன. மேலே சொன்ன கதைதான், ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையாக எடுக்கும் கட்டணம் சின்னப் பொருளைத்தான் அதிகம் பாதிக்கும். 30 ரூபாய் நிலைக்கட்டணம் 1000 ரூபாய்ப் பொருளில் 3 சதவீதம், 150 ரூபாய்ப் பொருளில் 20 சதவீதம்.

விகிதங்கள் அடிக்கடி மாறும். பதிவு செய்வதற்கு முன் அந்தத் தளத்தின் விற்பனையாளர் பக்கத்தில் இருக்கும் கட்டணக் கணக்கியில் உங்கள் பொருளின் விலையையும் எடையையும் போட்டு, கையில் எவ்வளவு நிற்கும் என்று பாருங்கள். கூட்டிச் சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

என் கருத்து இது: உங்களைத் தெரியாதவர்கள் தேடி வாங்கும் பொருளைத் தளத்தில் போடுங்கள், உங்களைத் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கும் பொருளை நேராக விற்றுக்கொள்ளுங்கள். ஓலைக் கூடை என்று தேடுகிறவர் டில்லியில் இருக்கலாம், அவரிடம் போய்ச் சேர தளம் வேண்டும். ஆயா கைப்பக்குவத்தில் மாவுருண்டை வேண்டும் என்று கேட்பவருக்கு உங்கள் வாட்ஸ்அப் நம்பர் போதும். அவரிடமிருந்து வரும் பணத்தில் மூன்றாம் ஆளுக்கு ஏன் பங்கு?

தளத்தில் விற்றால் வருமான வரிப் பிடித்தமும் உண்டு. 2024 அக்டோபர் முதல் அது 0.1 சதவீதம்தான். தனிநபராக இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்து, ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அதுவும் பிடிக்கமாட்டார்கள். பிடித்தாலும் அது கட்டணம் அல்ல, கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் பேரில் வரவாக நிற்கும்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுக்காவிட்டால் ஆர்டரே வராது என்கிறார்களே?

தளத்தில் விற்றால் தவிர்ப்பது கஷ்டம். நேரடி விற்பனையில் கொடுக்கவே வேண்டாம்.

காரணம், வாங்க மறுத்துவிட்டால் போன கூலியும் வந்த கூலியும் உங்கள் தலையில். ஐந்து பார்சலில் ஒன்று திரும்பினால், வழிக்கு 70 ரூபாய் வீதம் 140 ரூபாய் நஷ்டம். அதை மிச்சம் நாலு பார்சல் சுமக்க வேண்டும், பார்சலுக்கு 35 ரூபாய். 400 ரூபாய்ப் பெட்டியில் 35 ரூபாய் என்பது கேட்வே கட்டணத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. பலகாரமாக இருந்தால் இன்னும் மோசம். பத்து நாள் ஊர் சுற்றித் திரும்பி வந்த சீப்புச் சீடையை யாருக்கும் விற்க முடியாது.

முன்பணம் கட்டத் தயங்கும் புதிய வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வர வேறு வழிகள் இருக்கின்றன. அவர் ஆர்டரைப் பெட்டியில் வைத்து, பேரெழுதிய சீட்டோடு ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள். முன்பு வாங்கியவர்கள் அனுமதி தந்தால் அவர்கள் எழுதியதைக் காட்டுங்கள். அப்படியும் வேண்டும் என்பவர்களுக்குத் தபாலில் வி.பி.பி. (தபால்காரர் பொருளைக் கொடுக்கும்போது பணம் வாங்கும் முறை) இருக்கிறது, ஆனால் அதிலும் மறுத்தால் இதே கதைதான்.

டெலிவரி ஃப்ரீ என்று போடலாமா?

போடலாம், விலைக்குள் அடக்கிவிட்டு. ஆனால் சென்னைக்கும் அஸ்ஸாமுக்கும் ஒரே விலை அடக்க முடியாது. "தமிழ்நாட்டுக்குள் 600 ரூபாய்க்கு மேல் டெலிவரி சேர்த்து" என்று எல்லை வையுங்கள். 450-க்கு வாங்க வந்தவர் இன்னொரு பாக்கெட் சாம்பார்ப் பொடி சேர்த்து 600 ஆக்கிவிடுவார். இதில் இருவருக்கும் லாபம்.

சொந்தமாக வெப்சைட் வேண்டாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆன்லைன் கடைக்கு 1,500 ரூபாய் என்று வையுங்கள், மாதம் 15 பார்சல் போனால் பார்சலுக்கு 100 ரூபாய் ஆகிவிட்டது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம், அதில் கேட்லாக் போட்டு விலை எழுதலாம். இன்ஸ்டாகிராம் இலவசம். கூகுள் மேப்பில் உங்கள் தொழிலைப் பதிவு செய்வதும் இலவசம், காரைக்குடிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்தே வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்குக் கூரியரே தேவையில்லை.

ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? இதைத்தான் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

ஏனென்றால் பதில் மூன்று விஷயத்தைப் பொறுத்தது: என்ன விற்கிறீர்கள், எங்கே அனுப்புகிறீர்கள், யார் வழியாக விற்கிறீர்கள்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும், நேராக விற்கிறீர்கள், பொருள் மட்டும்தான் விற்கிறீர்கள் என்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. யு.பி.ஐ.யில் வந்தாலும் ரொக்கமாக வந்தாலும் விற்பனை விற்பனைதான், இரண்டும் இதில் சேரும்.

அமேசான், மீஷோ போன்ற தளம் வழியாக என்றால் முன்பு முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் இதைத் தளர்த்தினார்கள். மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறிய விற்பனையாளர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் பான் கொடுத்து ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளிமாநில ஆர்டர் எடுக்க முடியாது.

வெளிமாநிலத்துக்கு அனுப்புவதுதான் பலர் கவனிக்காத இடம். வரி உள்ள பொருளை மாநிலத்துக்கு வெளியே விற்றால், விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். ஓசூரைத் தாண்டி பெங்களூருக்குப் போகும் முறுக்குப் பார்சலுக்கும் இது பொருந்தும். கைவினைப் பொருளுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. அரசாணையில் பட்டியலிட்டிருக்கும், கையால் செய்த கைவினைப் பொருள்களை ஆண்டு 20 லட்சம் வரை பதிவில்லாமல் வெளிமாநிலத்துக்கு நேராக விற்கலாம். பான் இருக்க வேண்டும், பார்சலின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கு அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டு) போட வேண்டும். கூடை முடைதல் வகைப் பொருள்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கொட்டான் விற்பவர்கள் இந்த அறிவிப்பின் நகலை ஆடிட்டரிடம் காட்டி, தங்கள் பொருளுக்கான ஜி.எஸ்.டி. குறியீட்டு எண்ணை உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. ஆனால் பதிவு எடுத்த பிறகு விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்) போட வேண்டும். மறந்தால் வெற்று ரிட்டர்னுக்குக்கூட நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஆடிட்டர் கூலியும் சேரும். அதனால் வெளிமாநில ஆர்டர் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் என்றால், அதற்காகப் பதிவு எடுப்பதை விட தமிழ்நாட்டுக்குள் விற்பனையைக் கூட்டுவதே மேல் என்பேன். சென்னை, கோவை, மதுரை மூன்றிலும் இருக்கும் நம்மூர்க்காரர்களே போதுமான சந்தை.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் முழுக்க இலவசம். பணம் கேட்கும் இணையப் பக்கங்கள் அரசுப் பக்கங்கள் அல்ல.

வீட்டில் செய்யும் பலகாரத்துக்கு லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் சிறு தொழில்களுக்கான அடிப்படைப் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். கூடவே பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், செய்தவர் முகவரி, சைவம் என்பதற்கான பச்சைக் குறி. ஒரு தாளில் ஸ்டிக்கராக அச்சடித்து, தேதியை மட்டும் முத்திரை குத்தினால் செலவு சில காசுகள்தான். இதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மற்றவர் வீட்டுக் குழந்தை சாப்பிடப் போகும் பொருள்.

சீப்புச் சீடையும் தேன்குழலும் நொறுங்காமல் எப்படி அனுப்புவது?

நொறுங்கிய பார்சலுக்கு மறுபடி அனுப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய கட்டணம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நன்றாக ஆற வேண்டும். கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறினாலும் நடுவில் சூடு இருக்கும். அதை மூடினால் ஆவி வேர்த்து, போய்ச் சேரும்போது நமத்துப் போயிருக்கும். அகலமான தட்டில் பேப்பர் விரித்துப் பரப்பி வைத்து, எண்ணெயும் வடிந்த பிறகே எடுங்கள்.

சீப்புச் சீடை உள்ளே கூடாக இருப்பதால் மேலிருந்து அழுத்தினால் உடையும், நிற்க வைத்தால் தாங்கும். உணவுக்கேற்ற வட்ட டப்பாவில் அடியில் ஒரு வட்டம் பட்டர் பேப்பர் போட்டு, சீடைகளை நெருக்கமாக நிற்க வையுங்கள். ஒரு அடுக்கு முடிந்ததும் மறுபடி பட்டர் பேப்பர். மூடிக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே இடம் இருந்தால் பேப்பரைக் கசக்கி நிரப்புங்கள். மூடிவிட்டுக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். சத்தம் வந்தால் உள்ளே இடம் இருக்கிறது, திறந்து இன்னும் நிரப்ப வேண்டும்.

தேன்குழலை அப்படி அடுக்க முடியாது, வட்டமாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும், அதனால் டப்பாவின் விட்டத்துக்குச் சரியாக வருகிற அளவில் பிழிந்துவிட வேண்டும். டப்பாவை முதலில் வாங்குங்கள், பிழியும் அளவைப் பிறகு முடிவு செய்யுங்கள்.

வெளிப்பெட்டிக்குப் புது அட்டை வாங்கத் தேவையில்லை. மளிகை மொத்தக்கடையில் கேட்டால் பிஸ்கட் பெட்டிகளைச் சொற்ப விலைக்குத் தருவார்கள். அதை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி ஒட்டினால் பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

ஆத்தங்குடித் தரைக்கல் சாம்பிள் அனுப்பலாமா?

ஒன்றிரண்டாக அனுப்பினால் கல்லின் விலையை விடக் கூலி அதிகம், வழியில் முனையும் உடையும். வீடு கட்டுகிறவர்கள் லாரியில் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் படம் அனுப்புங்கள்.

வீட்டில் பழைய சாமான் நிறைய இருக்கிறது. எனாமல் பாத்திரம், மரவை (மரப் பாத்திரம்), பித்தளை விளக்கு. அதை விற்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடைக்கும் சாமான் எல்லாம் ஆன்லைனிலும் தேடப்படுகிறது என்பது உண்மைதான். எனாமல் தூக்கு, டப்பா போன்றவை எடை குறைவு, விலை நிற்கும், அனுப்பவும் சுலபம். ஆனால் சட்டம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் தொல்பொருள் ஆகும், ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு. அவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. யானைத் தந்தத்தில் செய்தது எதுவாக இருந்தாலும் விற்கக் கூடாது, தாத்தா காலத்துச் சீப்பாக இருந்தாலும் சரி.

ஓலைச்சுவடி இருந்தால் விற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை நூலகத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ காட்டுங்கள். போனால் திரும்பாத பொருள் அது.

சிங்கப்பூர், மலேசியாவில் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

அவர்கள் சாப்பிடத் தனித்தனியாக அனுப்பினால் கூலி பொருளை விடப் பல மடங்கு. அங்கே ஒருவர் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கத் தயார் என்றால் யோசிக்கலாம்.

முறையாக ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு) எண் வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். ஜி.எஸ்.டி.யில் ஏற்றுமதியும் வெளிமாநில விற்பனை போலத்தான் கணக்கு, பதிவோடு எல்.யூ.டி.யும் (உறுதிமொழிக் கடிதம்) கொடுத்தால் வரி கட்டாமல் அனுப்பலாம். தபால் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா ஏற்றுமதி மையங்கள் வழியாகச் சுங்கப் படிவத்தையும் ஆன்லைனிலேயே போட்டுவிடலாம்.

கைவினைப் பொருளுக்கு எட்சி தளம் பெயர் பெற்றது. பொருளைப் பட்டியலிட 0.20 டாலர், விற்றால் 6.5 சதவீதம். அந்த 6.5 சதவீதம் நீங்கள் வாங்கும் தபால் கூலிக்கும் சேர்த்து. 10 டாலர் கொட்டானுக்கு 8 டாலர் கூலி என்றால் 18-க்குக் கணக்குப் போட்டு 1.17 டாலர். பணம் மாற்றும் கட்டணம் தனி. அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. சின்னப் பொருளை அங்கே ஒன்றொன்றாக விற்பது இப்போது கட்டுப்படியாகாது என்பதே என் எண்ணம்.

கணக்கு எப்படி எழுதுவது?

ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) எழுதிப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் போதும். ஒரு நோட்டில் ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு வரி: தேதி, ஊர், வந்த பணம், பொருள் அடக்கம், பெட்டி, கூரியர், கட்டணம், மிச்சம். உங்கள் உழைப்புக்கும் அடக்கத்தில் கூலி போடுங்கள். பல பெண்கள் மாவு விலையையும் எண்ணெய் விலையையும் எழுதிவிட்டுத் தங்கள் கூலியை விட்டுவிடுகிறார்கள், அது லாபம் போலத் தெரியும், ஆனால் லாபம் இல்லை. மாதக் கடைசியில் மிச்சம் குறைவாக இருக்கும் வரிகளை மட்டும் சிவப்பில் கோடு போட்டுப் பார்த்தால் எந்தப் பொருளை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கல்யாண ஆர்டர் எடுக்கலாமா? 200 சின்னக் கொட்டான் கேட்கிறார்கள்.

கட்டாயம் எடுங்கள். தாம்பூலத்துக்குக் கொட்டான் கொடுப்பது இப்போது மறுபடி பரவி வருகிறது. நகரத்தார் வீட்டுச் சடங்குகளோடு மறைந்துபோக இருந்த இந்தக் கைவேலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது, செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பேருக்கு ஏற்ற தரத்தில் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

கட்டணக் கணக்கிலும் இதைவிட நல்ல ஆர்டர் கிடையாது. ஒரு வாடிக்கையாளர், ஒரு பேச்சு, இரண்டு மூன்று பெரிய பெட்டி, ஒரே தடவை கூலி. ஒரு கொட்டானுக்கு வரும் அனுப்பும் செலவு சில ரூபாய்தான். அதனால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் முடியும்.

பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகே ஓலை வாங்குங்கள். சாய நிறத்துக்கு ஒரு மாதிரி பின்னி அனுப்பி, வாட்ஸ்அப்பில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். போனில் பார்க்கும் நிறமும் கையில் பார்க்கும் நிறமும் ஒன்றாக இருக்காது. மழைக்காலத்தில் ஓலை காய நாள் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகை முகூர்த்தத்துக்கு வரும் ஆர்டரை ஆவணியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மீதிப் பணம் பெட்டி கிளம்புவதற்கு முன் வந்துவிட வேண்டும், கல்யாணம் முடிந்த வீட்டில் போய்ப் பாக்கி கேட்க உங்களுக்கும் மனசு வராது.

பின்னுவதற்கு ஆள் போதவில்லை என்றால்?

பக்கத்து ஊரில் பின்னுகிறவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். யார் எந்த அளவு பின்னுவது, கொட்டானுக்கு என்ன கூலி, எந்தத் தேதிக்குள் என்று முன்பே பேசி எழுதிவிடுங்கள். அவர்களுக்கும் வேலை, உங்களுக்கும் ஆர்டர் கைவிட்டுப் போகாது. கூலியை மட்டும் வாடிக்கையாளரிடமிருந்து மீதிப் பணம் வரும்வரை நிறுத்தி வைக்காதீர்கள். வாங்கிய முன்பணத்திலிருந்தே கொடுத்துவிடுங்கள்.